ஹூரான் ஏரியில் வீழ்ந்த விமானி

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு வரலாறு தொடர்பான கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் என்னைப் பணித்தபோது, நம் பகுதியின் வரலாற்றையோ நம் தலைவர்களின் வரலாற்றையோதான் நான் எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். அவற்றை எழுத என்னினும் தகுதி வாய்ந்த பெரியோர் பலர் நம்மிடையே உள்ளனர். ஆகவே, கடல் கடந்த ஒரு நாட்டில், நம்மைப் போன்றே பிறப்பின் காரணமாக ஒதுக்கி வைக்கப்பட்ட ஓர் இனத்தில் தோன்றி, இருபத்திரண்டாம் வயதில் உயிர் நீத்த ஓர் இளைஞரைப் பற்றி எழுத விழைகின்றேன். அவர் போர்க்களத்தில் மடிந்தவர் அல்லர். பகைவனின் குண்டு அவர்மீது பாயவில்லை. போருக்குச் செல்வதற்கான பயிற்சியின்போது, தம் சொந்த நாட்டு ஏரி ஒன்றில் விமானத்தோடு வீழ்ந்து மாண்டவர். பிராங்க் மூடி என்பது அவர் பெயர். செகண்ட் லெப்டினன்ட் என்பது அவர் வகித்த பதவி.

1944ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள். இரண்டாம் உலகப் போர் உச்ச நிலையில் இருந்த காலம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடபகுதியிலுள்ள மிச்சிகன் மாநிலத்தில் செல்பிரிட்ஜ் என்னும் விமானத் தளத்தைச் சேர்ந்த பயிற்சி விமானிகள் சிலர் ஹூரான் ஏரியின்மீது பறந்து, துப்பாக்கி சுடும் பயிற்சியில் ஈடுபட்டிருந்தனர். ஏரி என்றதும் நம் ஊர் ஏரியை எண்ணிக்கொள்ள வேண்டா. ஹூரான் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 59,600 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவு. கரையில் நின்றால் மறுகரை தெரியாது. ஏப்ரல் மாதத்திலும் அதன் நீர் உறைநிலைக்கு அருகிலேயே இருக்கும். அந்நீரில்தான் மூடியின் விமானம் வீழ்ந்தது. போர்ட் ஹூரான் நகருக்கு அருகே, கரையிலிருந்து அதிகத் தொலைவில்லாத இடம் அது. அவரது உடல் பின்னர்க் கரை ஒதுங்கியது. விமானமோ ஏரியின் அடியிலேயே தங்கிவிட்டது. எழுபது ஆண்டுகள் அதனை எவரும் தேடவில்லை.

இவ்வளவில் இது ஒரு விபத்துச் செய்தியே. போர்க்காலத்தில் இத்தகைய விபத்துகள் நாள்தோறும் நிகழ்ந்தன. வெள்ளையின விமானிகளும் ஆயிரக்கணக்கில் பயிற்சியில் மாண்டனர். ஆயினும் அந்த இருக்கையில் அமர்வதற்கு மூடியும் அவருடைய தோழர்களும் கடந்து வந்த வழியை அறிந்தால்தான் இவ்விபத்தின் பொருள் நமக்கு விளங்கும்.

அமெரிக்காவில் அடிமை முறை 1865இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1873இல், மராட்டியத்தில் மகாத்மா ஜோதிராவ் பூலே 'குலாம்கிரி' என்னும் தம் நூலை வெளியிட்டு, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்கு அதனைக் காணிக்கையாக்கினார். ஆனால் சட்டம் ஒழித்ததைச் சமுதாயம் வேறு பெயரில் காத்துக்கொண்டது. தனிப் பள்ளி, தனி இரயில் பெட்டி, தனித் தண்ணீர்க் குழாய் எனக் கருப்பின மக்களைப் பிரித்து வைக்கும் முறை தென் மாநிலங்களில் வேரூன்றியது. 1896இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அதற்கு ஒப்புதல் அளித்தது. தேநீர்க் கடையில் தனிக் குவளை கண்ட நமக்கு இவற்றை விரித்துரைக்க வேண்டிய தேவை இல்லை.

இராணுவத்திலும் இதே நிலைதான். 1925இல் அமெரிக்க இராணுவப் போர்க் கல்லூரி, கருப்பின வீரர்களைப் போரில் பயன்படுத்துவது குறித்து ஓர் அறிக்கை தயாரித்தது. கருப்பின மனிதன் அறிவிலும் துணிவிலும் குறைந்தவன்; தலைமை தாங்கும் தகுதியற்றவன்; நுட்பமான கருவிகளை இயக்க வல்லவன் அல்லன் என்பதே அதன் சாரம். எதனைச் சோதித்து இம்முடிவுக்கு வந்தனர் என்று கேட்டால் விடை கிடையாது. நான் பள்ளியில் பயின்ற காலத்தில் என் கணக்கு ஆசிரியர் ஒருவர், "உனக்கெல்லாம் அல்ஜீப்ரா எதற்கடா?" என்று கேட்டார். அவரும் என்னைச் சோதித்துப் பார்த்துவிட்டு அவ்வாறு கேட்கவில்லை.

அறிக்கை எழுதியோர் தம் கண்ணெதிரே நடந்தவற்றைக் கூடப் பார்க்கவில்லை என்பதே வியப்பு. யூஜீன் புல்லர்ட் என்னும் அமெரிக்கக் கருப்பினத்தவர் 1917லேயே பிரெஞ்சுப் படையில் போர் விமானியாகப் பறந்தார். அவரைத் தாய்நாடு ஏற்கவில்லை. பெஸ்ஸி கோல்மன் என்னும் பெண்மணியை அமெரிக்காவில் எந்த விமானப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாமையால், அவர் பிரெஞ்சு மொழி கற்று, பிரான்சுக்குச் சென்று, 1921இல் விமானி உரிமம் பெற்றுத் திரும்பினார். 1926இல், மறுநாள் நிகழவிருந்த காட்சிக்கு ஆயத்தமாகப் பறந்தபோது விமானத்திலிருந்து வீழ்ந்து மாண்டார். ஆயத்தத்தில் மாண்டோர் வரிசை அவ்வம்மையாரிலிருந்தே தொடங்குகிறது எனலாம்.

ஐரோப்பாவில் போர் மூண்டதும், கருப்பினச் செய்தித்தாள்களும் உரிமைச் சங்கங்களும் விடாது கிளர்ச்சி செய்தன. விமானப் படையில் சேர மறுக்கப்பட்ட மாணவர் ஒருவர் அரசின்மீதே வழக்குத் தொடுத்தார். இவற்றின் பயனாக 1941இல் கருப்பினத்தவருக்கெனத் தனியொரு விமானப் படைப்பிரிவு அமைக்க அரசு இணங்கியது. தனிப் பிரிவு என்பதைக் கவனிக்க வேண்டும். கதவு திறந்தது, ஆனால் அது வேறொரு வாயிற்கதவு. இதை ஏற்பதா, மறுப்பதா என்று அம்மக்களிடையே கடும் வாதம் நிகழ்ந்தது. தனி ஏற்பாட்டை ஏற்பது பிரிவினையை ஏற்பதாகும் என்றனர் சிலர். கிடைத்ததைப் பற்றிக்கொண்டு திறமையைக் காட்டுவோம் என்றனர் வேறு சிலர். தனி விடுதியும் தனிப் பள்ளியும் பற்றி நம் முன்னோர் வாதிட்டதும் இதே முறையில்தான். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்றே இன்றளவும் எனக்குத் தோன்றுகிறது.

பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் அலபாமா மாநிலத்திலுள்ள டஸ்கீகி. அடிமையாகப் பிறந்து கல்வியாளராக உயர்ந்த புக்கர் வாஷிங்டன், 1881 முதல் வளர்த்தெடுத்த கல்வி நிலையம் அங்கு உள்ளது. செங்கல்லை மாணவர்களே அறுத்துக் கட்டடம் எழுப்பிய நிறுவனம் அது. 1941 மார்ச்சு மாதம் குடியரசுத் தலைவரின் மனைவி எலினார் ரூசவெல்ட் அங்கு வந்தபோது, கருப்பினப் பயிற்றுநரான ஆல்பிரட் ஆண்டர்சன் ஓட்டிய விமானத்தில் ஏறிப் பறந்தார். உடன் வந்த காவலர்கள் தடுத்தும் அவர் கேட்கவில்லை. அந்நிழற்படம் நாடெங்கும் பரவியது. ஓர் அறிக்கை சொன்ன பொய்யை ஒரு நிழற்படம் ஓரளவு கரைத்தது.

முதல் வகுப்பில் சேர்ந்தோர் பதின்மூவர். 1942 மார்ச்சில் தேறியோர் ஐவரே. அவர்களுள் தலைமையானவர் பெஞ்சமின் டேவிஸ். வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் இவர் பயின்ற நான்கு ஆண்டுகளும், கடமை நிமித்தமன்றி எந்த வெள்ளை மாணவனும் இவரோடு பேசவில்லை. தனி அறை, தனிச் சாப்பாடு. கல்லூரியை விட்டு ஓடிவிடுவார் என்று எதிர்பார்த்தனர். இவரோ 1936இல் 276 பேர் கொண்ட வகுப்பில் 35ஆம் இடம் பெற்றுத் தேறினார். ஐவருள் மற்றொருவரான மாக் ராஸ், 1944 ஜூலையில் இத்தாலியில், புதியவகை விமானம் ஒன்றை ஓட்டிப் பழகுகையில் வீழ்ந்து இறந்தார். 1946 வரை டஸ்கீகியில் விமானிகளாகத் தேறியோர் 992 பேர். கடல் கடந்து போர்முனைக்குச் சென்றோர் ஏறத்தாழ 355 பேர்.

டஸ்கீகியில் தேறியவர்கள் மேற்பயிற்சிக்காக மிச்சிகனுக்கு அனுப்பப்பட்டனர். வடமாநிலம் ஆதலால் அங்கு இழிவு குறைவாக இருக்கும் என்று அவர்கள் நம்பியிருக்கலாம். செல்பிரிட்ஜ் தளத்திலிருந்து சிறிது தொலைவிலுள்ள டெட்ராயிட் நகரில் 1943 ஜூன் மாதம் இனக் கலவரம் மூண்டு 34 பேர் மாண்டனர். அவர்களுள் 25 பேர் கருப்பினத்தவர். தளத்திற்குள்ளும் அமைதி இல்லை. அதிகாரிகளுக்கான மன்றத்தில் எல்லா அதிகாரிகளுக்கும் இடம் உண்டு என்று இராணுவ விதி தெளிவாகக் கூறியது. ஆயினும் 1944 தொடக்கத்தில் கருப்பின அதிகாரிகள் அம்மன்றத்தில் நுழைய முற்பட்டபோது தடுக்கப்பட்டனர். நாட்டுக்காக உயிர் கொடுக்கலாம், நாற்காலியில் அமரலாகாது! பிராங்க் மூடி பயிற்சி பெற்றது இத்தகைய சூழலில்தான். அவர் இறந்த அடுத்த மாதமே கருப்பின விமானிகள் செல்பிரிட்ஜிலிருந்து அகற்றப்பட்டு, தென் மாநிலங்களிலுள்ள வேறு தளங்களுக்கு மாற்றப்பட்டனர்.

நம் நாட்டின் கதையும் இதற்குத் தூரமானதன்று. ஆங்கிலேயரின் படையில் தொடக்க காலத்தில் பெரும்பங்கு வகித்த தாழ்த்தப்பட்ட மக்களை, 'போர்க்குடி அல்லாதோர்' என்று சொல்லி 1890களில் ஆங்கிலேயரே விலக்கத் தொடங்கினர். அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் இராம்ஜி அவர்கள் சுபேதாராகப் பணியாற்றியவர் என்பதை நீங்கள் அறிவீர்கள். நம் தமிழ் மக்கள் பலர் மண்வெட்டியும் துப்பாக்கியும் ஏந்திப் பணியாற்றிய மதராஸ் பயோனியர் படை 1933இல் கலைக்கப்பட்டது. போர் வந்து ஆள் தேவைப்பட்டதும், அண்ணலின் வற்புறுத்தலுக்குப் பின், 1941இல் மகர் படைப்பிரிவு மீண்டும் நிறுவப்பட்டது. டஸ்கீகியில் முதல் வகுப்பு தொடங்கியதும் அதே 1941இல்தான். தேவை வந்தபோதுதான் இரு நாடுகளின் கதவுகளும் திறந்தன. 1946இல் அண்ணல் அவர்கள் அமெரிக்கக் கருப்பினப் பேரறிஞர் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கருப்பினத்தார் அளித்த விண்ணப்பத்தின் படியைக் கேட்டார். டூ பாய்ஸ் அன்போடு மறுமொழி எழுதினார். இக்கட்டுரையை இம்மலரில் எழுதத் துணிந்தமைக்கு அக்கடிதங்களே எனக்குத் துணை.

இனி அந்த விமானத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பி-39 ஏரகோப்ரா என்பது அதன் பெயர். பெல் என்னும் நிறுவனம் கட்டியது. பெரும்பாலான போர் விமானங்களில் எஞ்சின் மூக்கில் இருக்கும். இதிலோ விமானியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எஞ்சினிலிருந்து நீண்டதொரு தண்டு விமானியின் இருக்கைக்குக் கீழாகச் சென்று, முன்னாலுள்ள சுழல்விசிறியைச் சுழற்றும். மோட்டார் காரைப் போலப் பக்கவாட்டில் கதவு. மூக்கில் 37 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று, விசிறியின் நடுத்துளை வழியே சுடும். அதற்கு மேலே இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். இவ்விரண்டும் சுழலும் விசிறியின் இதழ்களுக்கு இடையே சுடவேண்டியவை. நிமிடத்திற்குப் பல நூறு முறை சுழலும் இதழ்களுக்கு இடையே குண்டு எவ்வாறு புகுந்து வெளிவரும் என்று மாணவர்கள் கேட்கக்கூடும். இதழ் துப்பாக்கி முனைக்கு நேரே வரும் கணத்தில் சுடாதவாறு, எஞ்சினின் சுழற்சியோடு துப்பாக்கியை இணைக்கும் நேரச் சீரமைப்புக் கருவி ஒன்று உண்டு. முதல் உலகப் போரிலேயே கண்டறியப்பட்ட நுட்பம் அது. அக்கருவி நொடியின் மிகச் சிறு பகுதி பிசகினாலும், விமானி தன் விசிறியைத் தானே சுட்டுவிடுவான்.

மூடிக்கு நேர்ந்தது அதுவே என்று நம்ப இடம் இருக்கிறது. நீருக்கடியிலிருந்த விசிறியை ஆராய்ந்த மிச்சிகன் மாநிலத் தொல்லியலாளர், அதன் இதழில் குண்டு பாய்ந்த அடையாளத்தைக் கண்டார். நுட்பமான கருவியைக் கருப்பினத்தான் இயக்க வல்லவன் அல்லன் என்று 1925இல் அறிக்கை எழுதினரே, இங்கே பிசகியது மனிதனா, கருவியா?

அந்த விமானம் கிடைத்த விதமும் கேட்கத்தக்கது. 2014ஆம் ஆண்டு, மூழ்கிக் கிடந்த தெப்பம் ஒன்றன் சிதைவுகளை அகற்றும் பணியில் இருந்த ஒரு நீர்மூழ்குநரும் அவருடைய மகனும், ஏரியின் அடியில் கார் கதவு போன்ற ஒன்றைக் கண்டனர். அது ஏரகோப்ராவின் கதவு. சுமார் முப்பதடி ஆழத்தில் விமானம் சிதறிக் கிடந்தது. அன்றைய நாள் ஏப்ரல் 11. மூடி வீழ்ந்து சரியாக எழுபது ஆண்டுகள் நிறைந்த நாள்! அவர்கள் அந்நாளை அறிந்து தேடிச் சென்றவர்கள் அல்லர்; பின்னரே அறிந்தனர். நன்னீர் ஆதலால் உப்பு அரிக்கவில்லை. ஆனால் அயல்நாட்டிலிருந்து கப்பல்கள் வழியே வந்து அவ்வேரிகளில் பெருகிவிட்ட சிறு சிப்பிகள் விமானத்தின் மேல் அடைஅடையாய் ஒட்டிக்கொண்டிருந்தன.

அதன்பின் ஆண்டுக்கணக்கில் ஆய்வு நடைபெற்றது. அவ்வாய்வில் தொண்டர்களாகப் பங்குகொண்டோருள் கருப்பின நீர்மூழ்குநர் அமைப்பு ஒன்றும் இருந்தது. 'நோக்கத்துடன் மூழ்குதல்' என்னும் பொருள்படும் பெயர் கொண்டது அது. ஆப்பிரிக்காவிலிருந்து மக்களை விலங்கிட்டு ஏற்றி வந்து கடலில் மூழ்கிய அடிமைக் கப்பல்களைத் தேடுவது அவர்களுடைய முதன்மைப் பணி. முப்பாட்டன் சங்கிலியோடு மூழ்கிய கப்பலைத் தேடுகிற அதே கைகள், பேரன் சீருடையோடு வீழ்ந்த விமானத்தையும் தேடி அளந்து வரைந்தன. இதனைப் படித்த அன்று இரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

2021 ஆகஸ்டு மாதத்தில், மிச்சிகனில் பயிற்சியின்போது மாண்ட டஸ்கீகி விமானிகளுக்குப் போர்ட் ஹூரானில் நினைவுச்சின்னம் ஒன்று எழுப்பப்பட்டது. மூடி தனியர் அல்லர். அம்மாநிலத்தில் மட்டுமே பத்துக்கு மேற்பட்டோர் அவ்வாறு மாண்டிருந்தனர். போர் முடிந்து எழுபத்தாறு ஆண்டுகள் கழித்தே அவர்களுக்குக் கல் நடப்பட்டது. இத்தாலியில் பறந்து, பெர்லின் வரை சென்று, ஜெர்மானிய ஜெட் விமானங்களை வீழ்த்தியோருக்குப் புகழ் முன்னரே வந்துவிட்டது. 2007இல் நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கமும் கிடைத்தது. அதில் தவறில்லை. ஆனால் கற்றுக்கொண்டிருக்கும்போதே மாண்டவன் கணக்கில் வருவதில்லை.

இங்கே இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டஸ்கீகி விமானிகள் துணை சென்றபோது ஒரு குண்டுவீச்சு விமானத்தைக்கூடப் பகைவனிடம் இழக்கவில்லை என்று பல நூல்களில் படிப்பீர்கள். நானும் பல்லாண்டு அவ்வாறே வகுப்பில் சொல்லி வந்தேன். அஃது உண்மையன்று. பிற்காலத்தில் ஆவணங்களை ஆராய்ந்த அறிஞர்கள், 27 விமானங்கள் அவ்வாறு இழக்கப்பட்டன என்று காட்டியுள்ளனர். பிற படைப்பிரிவுகளின் சராசரியைவிட இது குறைவே. உள்ள பெருமையே போதுமானதாக இருக்க, இல்லாததைச் சேர்ப்பானேன்? நாளை பகைவன் அந்த ஒரு பொய்யைச் சுட்டி, எஞ்சிய மெய்யனைத்தையும் மறுப்பான்.

என் சொந்த நினைவொன்றைக் கூற அனுமதிக்க வேண்டுகிறேன். விடுதியில் என்னோடு ஒரே பாயில் படுத்துப் பயின்ற நண்பன் ஒருவன் இருந்தான். என்னினும் கணக்கில் வல்லவன். பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கையில் மஞ்சள் காமாலை கண்டு இறந்தான். அவன் தந்தையார் பெட்டியை எடுத்துச் செல்ல வந்தபோது, தேர்வுக்குரிய நுழைவுச் சீட்டு அதனுள் இருந்தது. இம்மலரின் பின்பகுதியில், கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கத்தின் உதவியால் பட்டம் பெற்றோர், அரசுப் பணி பெற்றோர் பட்டியல் அச்சாகும் என்று அறிகிறேன். மிக்க மகிழ்ச்சி. அதே மலரில், நம் உதவியோடு பயிலத் தொடங்கி, நோயாலோ வறுமையாலோ இழிசொல்லாலோ நடுவழியில் நின்றுபோனவர்களின் பெயர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குமாறு மலர்க்குழுவினரைக் கேட்டிருக்கிறேன். பதிவேடுகள் சங்க அலுவலகத்தில் உள்ளன. பெயர்களைத் தொகுக்கும் பணியை நானே செய்து தருகிறேன்.

செல்பிரிட்ஜிலிருந்து மாற்றப்பட்ட அதிகாரிகளின் கதை ஒருவாறு முடிவுக்கு வந்தது 1945 ஏப்ரலில். இண்டியானா மாநிலத்தின் பிரீமன் தளத்திலும் அதே மன்றத் தகராறு எழுந்தது. தனி மன்றத்தை ஏற்பதாகக் கையொப்பமிட மறுத்த 101 கருப்பின அதிகாரிகள் கைது செய்யப்பட்டனர். போர்க்காலத்தில் மேலதிகாரியின் ஆணையை மறுப்பது தூக்குமேடைக்கும் இட்டுச் செல்லும் என்று அறிந்தே மறுத்தனர். இறுதியில் ஒருவர் மட்டும் தண்டிக்கப்பட்டு 150 டாலர் அபராதம் செலுத்தினார். அத்தண்டனை 1995இல் நீக்கப்பட்டது. 1948 ஜூலை 26இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் பிறப்பித்த ஆணை, படைகளில் இனப் பிரிவினைக்கு முடிவு கட்டியது.

பிரீமன் தளத்தில் எதிர்த்து நின்ற அதிகாரிகளுள் கோல்மன் யங் என்பவரும் ஒருவர். அவர் 1973இல் டெட்ராயிட் நகரின் முதல் கருப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இருபது ஆண்டுகள் அப்பதவியை வகித்தார். அந்நகர விமான நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

2023 ஆகஸ்டு மாதத்தில் மூடியின் விமானத்தினுடைய எஞ்சின் ஏரியிலிருந்து மேலே கொணரப்பட்டது. டெட்ராயிட்டிலுள்ள டஸ்கீகி விமானிகள் அருங்காட்சியகத்திற்கென அச்சிதைவுகள் பாதுகாக்கப்படுகின்றன. அவ்வருங்காட்சியகத்தார் நகரத்துச் சிறுவர் சிறுமியருக்கு விமானம் ஓட்டவும் கற்பித்து வருகின்றனர். கோல்மன் யங் விமான நிலையத்தில்தான் அப்பயிற்சி நடைபெறுகிறது.